“பல்லி பல்லி” என்றால் பல்லி இல்லை! சென்னையில் கொரியாக்காரர் குடித்தனம்

தொழிற்சாலையில் கொரியா அதிகாரி “பல்லி... பல்லி...” என்று அவசரப்படுத்துகிறார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த நம்ம ஊர்ப் பையன் என்ன செய்வான்? சுவரை அண்ணாந்து பார்ப்பான். பல்லியைக் காணோமே!

கொரிய மொழியில் அதற்கு “சீக்கிரம், சீக்கிரம்” என்று அர்த்தம். நம்ம காதில் மட்டும் பல்லியாக விழுகிறது.

1996-ம் ஆண்டு ஹூண்டாய் கம்பெனி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை போட வந்தது. 1998-ல் முதல் ‘சான்ட்ரோ’ கார் வெளியே வந்தது. பின்னாலேயே உதிரி பாகம் செய்யும் கம்பெனிகளும் வந்தன. என்ஜினீயர், மானேஜர், அவர்கள் மனைவி மக்கள் என்று கொரியாக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள்.

இன்று ஸ்ரீபெரும்புதூரில் கொரிய எழுத்தில் ஓட்டல் போர்டுகள் தொங்குகின்றன. கீழ்ப்பாக்கம் பக்கமும் கொரியச் சாப்பாடு கிடைக்கிறது.

ஊருக்குள் வந்து விட்டார்கள். ஊரோடு கலந்தார்களா?

டிரைவர் லீவு போட்டால்...

ஆபீஸ் போகிறவருக்குப் பொழுது போய்விடும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. திண்டாடுவது வீட்டில் இருக்கும் பெண்கள்தான்.

காய்கறி வாங்க, டாக்டரிடம் காட்ட, பிளம்பரைக் கூப்பிட எல்லாவற்றுக்கும் கம்பெனி டிரைவர்தான் துணை. வழிகாட்டியும் அவரே, மொழிபெயர்ப்பாளரும் அவரே. அவர் ஒரு நாள் லீவு போட்டால் அந்த அம்மாவுக்கு அன்று வீட்டுக்காவல்தான்!

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கொரிய சர்ச். இல்லாவிட்டால் கோல்ப் மைதானம். அப்புறம் கொரிய ஓட்டல். அங்கேயும் பார்ப்பது கொரியாக்காரர் முகத்தைத்தான்.

தமிழ் படிக்கக் கூடாதா? படிக்கலாம். ஆனால், ‘நாலு வருஷத்தில் மாற்றல் வந்துடும், எதுக்கு?’ என்ற நினைப்பு. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே நினைப்பு. ‘நாளைக்குப் போறவங்கதானே!’

இரண்டு பக்கமும் இப்படியே இருந்தால் நடுவில் உள்ள காம்பவுண்டு சுவர் எப்படி இறங்கும்?

கருவாட்டு வாசனை

வீடு பிடிப்பதிலும் தகராறு வரும். கொரியா வீட்டில் பல குழம்புகளுக்கு நெத்திலிக் கருவாடு போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர்தான் அடிப்படை. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சியும் உண்டு. “சைவக்காரங்களுக்கு மட்டும்தான் வீடு” என்கிற ஓனரிடம் இவர்கள் என்ன பேச முடியும்?

கோசில் காரம் தடவிப் புளிக்க வைக்கும் ‘கிம்ச்சி’ இல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது. ஊர் கூடிக் கிம்ச்சி போடும் வழக்கத்தை 2013-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சென்னை வெயிலில் கிம்ச்சி சட்டென்று புளித்துவிடும். ஊறுகாய் ஜாடியை ஈரக்கை படாமல் காக்கும் நம் பாட்டிகளுக்கு இந்தக் கஷ்டம் புரியும்!

அவர்களுக்கும் “அப்பா”தான்!

அப்பாவை அவர்களும் “அப்பா” என்றே கூப்பிடுகிறார்கள். அம்மா “ஒம்மா”. நாள் என்றால் “நால்”. வா என்றால் “வா”வேதான்! இதை வைத்து இரண்டும் ஒரு தாய் பெற்ற மொழிகள் என்பாரும் உண்டு. மொழி அறிஞர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் பழக்கத்தில் ஒற்றுமை நிறைய. செருப்பை வாசலில் விட்டுத்தான் அவர்களும் உள்ளே போவார்கள். வயதில் மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பெரியவர்களுக்கு ஒன்றைக் கொடுத்தால் இரண்டு கையாலும் கொடுப்பார்கள்.

சென்னையில் 2006-ல் தொடங்கிய ‘இன்கோ சென்டர்’ என்ற இந்திய-கொரிய கலாசார மையத்தில் நம்மவர்கள் கொரிய மொழி படிக்கிறார்கள். கொரியத் தொடர், பாட்டு என்று பைத்தியமாக இருக்கும் காலேஜ் பெண்கள் நாலு வார்த்தை கொரிய மொழி பேசிக் காட்டுகிறார்கள். வேலைக்காக வந்தவர்கள் தயங்கி நிற்க, நம்ம வீட்டுப் பிள்ளைகள் முந்திக் கொண்டார்கள்!

கடைக்காரர், ஆட்டோக்காரர் கையிலும் விஷயம் இருக்கிறது. வெளிநாட்டு முகத்தைக் கண்டதும் ரேட்டை இரண்டு மடங்காகச் சொன்னால் அன்று பத்து ரூபாய் கூடக் கிடைக்கும். ஆனால் அந்த அம்மா மறுபடி தெருவில் இறங்க மாட்டார். டிரைவரிடம் லிஸ்ட் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக் கொள்வார்.

ஒருவரை ஒருவர் பார்த்தால் கொரியாக்காரர்கள் கேட்பது என்ன தெரியுமா? “பாப் மொகொசொயோ?”

அதாவது, “சாப்டாச்சா?”

நாமும் அதைத்தானே கேட்கிறோம்! லிப்டில் பார்க்கும்போது ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். தமிழிலேயே கேட்கலாம். புரிந்து கொள்வார்கள்.