முகிற் களஞ்சியமும் தோட்டப் பாடசாலைக் கணினியும்

தொழினுட்ப விளக்கங்கள் பெரும்பாலும் எவ்வாறு என்ற வினாவுடன் நின்றுவிடுகின்றன; யாருக்குரியது என்ற வினா எழுப்பப்படுவதில்லை. முகிற் களஞ்சியத்திலிருந்து கணினிகளிற் பணிசெயல் முறைமையை நிறுவும் முறையினை இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளை மனங்கொண்டு நோக்குமிடத்து, இவ்விரு வினாக்களையும் பிரித்தல் இயலாது.

முறை எளிதே. செம்மையாக அமைக்கப்பட்ட ஒரு கணினியின் பணிசெயல் முறைமை, மென்பொருள்கள், எழுத்துருக்கள், விசைப்பலகை அமைப்பு யாவும் ஒரே கோப்பாகப் பிரதிசெய்யப்படுகின்றன. இதனைப் படிமம் என்பர். (கவிதையிற் படிமந் தேடிப் பழகிய எமக்கு இச்சொல் சற்றுத் திகைப்பூட்டலாம், இங்கு அது வார்ப்பு என்ற பொருளையே தரும்.) அது தொலைவிலுள்ள சேமிப்பகத்தில் வைக்கப்படும். வெற்றுக் கணினி இயக்கப்பட்டதும் வலையமைப்பினை வினவி முகவரி பெறும். சிறியதொரு தொடக்க நிரலை இறக்கும். அதன்வழிப் படிமத்தைப் பெற்றுத் தன் வட்டில் எழுதிக்கொள்ளும். 1990களின் பிற்பகுதியில் இன்டெல் வகுத்த பீ.எக்ஸ்.ஈ. முறை ஒரு கட்டடத்தின் எல்லைக்குட் செயற்படவே ஏற்றதாயிருந்தது. 2015இல் வெளியான யூ.ஈ.எஃப்.ஐ. 2.5 நியமமோ எச்.ரீ.ரீ.பீ. நெறிமுறை வாயிலாகக் கணினியைத் தொடக்க இடமளித்தது.

இனி, கணக்கைப் பார்ப்போம். படிமம் 6 கிகாபைற்று எனவும், இணைப்பின் வேகம் செக்கனுக்கு 8 மெகாபிற்று எனவும் கொள்வோம். ஒரு கணினிக்கு 100 நிமிடங்கள் செல்லும். அறையில் 20 கணினிகள் இருப்பின் 33 மணித்தியாலத்துக்கும் மேலாகும். இடையில் மின்சாரம் நின்றால்? 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நிலவியதை மறந்துவிடலாகாது. ஆனால் படிமத்தை ஒருமுறை மட்டும் இறக்கி, பாடசாலையிலேயே ஒரு கணினியில் வைத்துக்கொண்டால், 100 மெகாபிற்று வேகமுள்ள உள்ளக வலையமைப்பு ஒவ்வொரு கணினிக்கும் அதனை 8 நிமிடத்தில் வழங்கும்.

காலச் சிக்கனம் இதன் ஒரு பயன் மட்டுமே. முகில் எனப்படுவது உண்மையிற் பிறரது கணினிகளே. அங்கு இடம் வாடகைக்குரியது. அயல்நாட்டு நிறுவனங்களின் வாடகையோ டொலரிற் கணிக்கப்படுவது. அந்நியச் செலாவணி வற்றிய 2022இல் அவ்வாடகையின் சுமை எத்தகையதாயிற்று என்பதை நாடறியும். தலைமுறைகளாக வாழ்ந்தும் தாம் குடியிருக்கும் லயத்துக்கு உரிமையற்றிருந்த மக்களின் பிள்ளைகளுக்கு, இரவற் களஞ்சியத்தின் தன்மையை நீளமாக விளக்க வேண்டியதில்லை.

மொழிப் பிரச்சினை இதனினும் நுண்ணியது. தமிழர் சிறுபான்மையினராக வாழும் சப்பிரகமுவ மாகாணத்துக்கெனப் பொதுப்படிமம் ஒன்று ஆக்கப்படும்போது, தமிழ் விசைப்பலகை விடுபடின், அக்குறை ஒரு கணினியோடு நில்லாது. அத்தனை கணினிகளிலும் அச்சொட்டாகப் பெருகும். சேர்க்கப்படின், அதே வேகத்தில் எங்கும் பரவும். கேரளத்தில் 2019இல் பாடசாலைகளின் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்கென அரசுசார் நிறுவனமே கட்டற்ற லினக்ஸ் தொகுதியொன்றைத் தாய்மொழி வசதிகளுடன் ஆக்கி வெளியிட்டது.

இங்கும் அடிப்படை இல்லாமலில்லை. எமது பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு, உபுண்டு, டெபியன் முதலிய தொகுதிகளின் பிரதிகளை நாட்டினுள்ளேயே பேணுகின்றது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றமையால், விண்டோஸ் 11 கோரும் பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகள் கழிவாகும் அபாயமுண்டு. அவற்றுள் ஒன்றையே பலாங்கொடையிலோ இறக்குவானையிலோ ஒரு பாடசாலை தன் களஞ்சியமாக்கிக்கொள்ளலாம். தமிழ் உள்ளீட்டு வசதியுடன் படிமத்தை வார்த்துக் கொடுக்கும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஏற்கலாகாதா?