மறுப்பும் இல்லை, சம்மதமும் இல்லை

மரக்காணத்து உப்பளங்களில் சித்திரை வெயில் எப்படியிருக்கும் என்பதை அங்கே ஒரு நாழிகை நின்று பார்த்தவர்களே அறிவார்கள். சென்ற கோடையில் அவ்வழியே நாம் போய்க் கொண்டிருந்தபோது, வரப்பின்மேல் உட்கார்ந்திருந்த முதிய தொழிலாளி ஒருவர் நம்மை நிறுத்தினார். நிலத் தகராறு ஒன்றில் அவர் அப்பீல் செய்து பல வருஷங்கள் ஆகின்றனவாம்.

"வாத்தியார் ஐயா, எப்போ கேட்டாலும் ஜட்ஜு பத்தலைங்கிறாங்களே, அந்த வேலைக்கு ஆளா கிடைக்கலை?" என்றார்.

ஆளுக்குப் பஞ்சமில்லை. அப்படியானால் தாமதம் எங்கே நேருகிறது என்பதை நேயர்களும் அறிந்துகொள்வது நலம்.

ஹைகோர்ட்டு நீதிபதியை நியமிப்பவர் ராஷ்டிரபதி. ஆனால் பெயரைத் தேர்ந்தெடுப்பது பிரதம நீதிபதியும் மூத்த நீதிபதிகளும் அடங்கிய குழு. 'கொலீஜியம்' என்று அதற்குப் பெயர். 1993-ல் ஒன்பது நீதிபதிகள் அளித்த தீர்ப்பினால் வந்த முறை இது. சர்க்காருக்கு ஆட்சேபம் இருந்தால் காரணம் காட்டிப் பெயரைத் திருப்பி அனுப்பலாம். குழு மறுபடியும் அதே பெயரைச் சொல்லிவிட்டால் நியமித்தே ஆகவேண்டும். அதற்கு 3 அல்லது 4 வாரங்களுக்கு மேல் ஆகக்கூடாது என்று 2021 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியும் இருக்கிறது.

சர்க்கார் ஏற்கவும் செய்யாமல், திருப்பி அனுப்பவும் செய்யாமல், வாளாவிருந்துவிட்டால்?

நம் சென்னை ஹைகோர்ட்டிலேயே இது நடந்தது. 2022 செப்டம்பர் 28-ந் தேதி, ஒரிஸ்ஸா ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதியாயிருந்த ஸ்ரீ எஸ். முரளிதரைச் சென்னைக்குப் பிரதம நீதிபதியாக மாற்றும்படி கொலீஜியம் சிபார்சு செய்தது. சென்னையில் வக்கீல் தொழிலைத் துவங்கியவர் அவர். டில்லி ஹைகோர்ட்டில் இருந்தபோது, 2020 பிப்ரவரிக் கலவரம் பற்றிய வழக்கில் போலீஸாரைக் கடுமையாகக் கேள்வி கேட்டவர். அன்றிரவே அவரைப் பஞ்சாப் - ஹரியானா ஹைகோர்ட்டுக்கு மாற்றும் உத்தரவு வெளியாயிற்று. அம்மாற்றத்தைக் கொலீஜியம் முன்னரே சிபார்சு செய்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே செப்டம்பர் தீர்மானத்தில் கண்ட மற்றொரு பிரதம நீதிபதியின் மாற்றம் விரைவிலேயே நிறைவேறியது. இவர் விஷயத்தில் மட்டும் டில்லியிலிருந்து பதிலே இல்லை. ஆறு மாதங்களுக்கு மேல் காத்திருந்து, 2023 ஏப்ரல் 19-ல் கொலீஜியமே சிபார்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வேறொருவர் பெயரை அனுப்பியது. 2023 மே மாதக் கடைசி வரையில், ஏறக்குறைய எட்டரை மாத காலம், சென்னையில் தற்காலிகப் பிரதம நீதிபதிகளைக் கொண்டே காரியம் நடந்தது.

வக்கீல் ஸ்ரீ ஜான் சத்தியனின் கதை வேறு மாதிரி. 2022 பிப்ரவரியில் சென்னை ஹைகோர்ட்டுக்கு அவர் பெயர் சிபார்சானது. பிரதம மந்திரியைக் குறைகூறும் கட்டுரை ஒன்றைப் பிறருடன் பகிர்ந்துகொண்டார் என்று ஆட்சேபம் எழுந்தது. அது தகுதியைக் கெடுக்காது என்று சொல்லி, 2023 ஜனவரியில் குழு அவர் பெயரை வலியுறுத்தியது. அவருக்குப் பின் சிபார்சு பெற்றவர்கள் அடுத்த மாதமே பதவியேற்றார்கள். அவர் பெயரில் உத்தரவு வரவில்லை.

இதை நாம் உப்பளத்துப் பெரியவரிடம் இயன்றவரை விளக்கினோம். அவர் வாய்க்காலைக் காட்டி, "மடையைத் திறக்க மாட்டேன்னு ஒருத்தன் சொன்னா, ஏன்டான்னு கேக்கலாம். பார்க்கலாம், பார்க்கலாம்னே சொல்லிக்கிட்டிருந்தா பாத்தி காஞ்சு போயிடுமே ஐயா!" என்றார். நாம் பி.ஏ. படித்த காலத்தில் எந்தப் பேராசிரியரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஒரு கட்சியை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. 1973-ல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஸ்ரீ ஏ. என். ரேயைப் பிரதம நீதிபதியாக்கியது காங்கிரஸ் சர்க்கார். அமெரிக்காவிலோ, 2016-ல் ஜனாதிபதி ஒபாமா குறிப்பிட்ட மெரிக் கார்லண்டை, செனட் சபை விசாரணைக்குக்கூட அழைக்காமல் 293 நாட்கள் காக்க வைத்துப் பெயரைக் காலாவதியாக்கிற்று. கதவை மூடிக்கொண்டு பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியத்தின் மீதும் நமக்குக் குறை உண்டு. ஆனால் அதன் முடிவு எழுத்தில் வந்தால் அதைப் படித்துச் சண்டை போடலாம். மௌனத்தை எதிர்த்து எந்தக் கோர்ட்டில் அப்பீல் செய்வது?

ஸ்ரீ முரளிதர் 2023 ஆகஸ்டில் ஒரிஸ்ஸாவிலிருந்தே ஓய்வு பெற்றார். அவ்வாண்டு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு 'மூத்த வக்கீல்' என்ற அந்தஸ்தை அளித்தது. சென்னையில் பிரதம நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்து வழக்குக் கேட்டிருக்க வேண்டியவர், மறுபடியும் கறுப்பு அங்கி அணிந்து, டில்லியில் நின்றுகொண்டு வாதாடத் தொடங்கினார்.