சித்தேரி மலையடிவாரத்து இரு ஊர்கள்: பெற்றோரின் தன்னம்பிக்கையும் குடும்ப நலனும்

தருமபுரி மாவட்டத்தின் கிழக்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளையாக நிற்கிறது சித்தேரி மலை. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் ‘மலையாளி’ என்னும் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தவர் என மயங்க வேண்டியதில்லை. அவர்கள் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் தம் முன்னோர் என்று சொல்லும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. இம்மலையை ஒட்டிய இரண்டு ஊர்களின் அண்மைக்கால வரலாறு, குழந்தை வளர்ப்பைப் பற்றி உளவியலார் அரை நூற்றாண்டாகப் பேசிவரும் ஒரு கருத்தை நமக்கு நன்கு விளக்கிக் காட்டுகிறது.

‘என் பிள்ளையை என்னால் நல்ல முறையில் வளர்த்தெடுக்க முடியும்’ என்று ஒரு தாயோ தந்தையோ தம்மைப்பற்றிக் கொண்டிருக்கும் உறுதியே அக்கருத்து. இதன் வேர் 1977இல் ஆல்பர்ட் பண்டூரா என்னும் அறிஞர் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. மனிதன் ஒரு செயலில் இறங்குவதும், இடர் வந்தபோது விடாமல் நிற்பதும், அச்செயல் தன்னால் இயலும் என்ற நம்பிக்கையைப் பெரிதும் சார்ந்திருக்கின்றன என்றார் அவர். இந்நம்பிக்கை பிறவிக்குணமன்று. தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்து வென்றதைக் கண்ட அனுபவம், பிறர் தரும் ஊக்கமொழி, உடலும் உள்ளமும் இருக்கும் நிலை ஆகிய நான்கிலிருந்தும் அது ஊறுகிறது. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. ஊக்கமொழி மட்டும் தனித்து நெடுநாள் நிற்பதில்லை. நம் மேடைகளில் பெற்றோருக்கு வாரி வழங்கப்படும் அறிவுரைகள் வீடு போய்ச் சேருமுன்பே கரைந்துவிடுவதன் காரணம் இங்கே புலப்படும்.

இந்நம்பிக்கை எல்லாத் துறைக்கும் பொதுவானதுமன்று. காட்டின் ஒவ்வொரு கிழங்கையும் கீரையையும் அறிந்து, பஞ்ச காலத்திலும் பிள்ளைகளுக்கு உணவு தேடித் தரும் தாய், நகரத்து மருத்துவமனையில் சீட்டு வாங்கும் இடத்தில் வாயடைத்து நிற்கக்கூடும். அவளைக் ‘கையாலாகாதவள்’ என்று எண்ணிவிடுவது பார்ப்பவரின் பிழை.

சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில் இருக்கிறது சிட்டிலிங்கி. 1993இல் மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு கூரைக் குடிசையில் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினர். அக்காலத்தில் அவ்வட்டாரத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. இவ்வெண்ணிக்கையை ஒரு தாயின் இடத்திலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டும். தன் குழந்தையையோ, தமக்கையின் குழந்தையையோ, அண்டை வீட்டுக் குழந்தையையோ மண்ணுக்குக் கொடுத்தவளாக ஏறக்குறைய ஒவ்வொரு பெண்ணும் இருந்திருப்பாள். ‘என்னால் காக்க முடியும்’ என்ற எண்ணம் அங்கே எதன்மீது முளைக்கும்?

அம்மருத்துவர்கள் செய்தவற்றில் நம் பொருளுக்கு மிக நெருங்கியது, அவ்வூர்ப் பெண்களையே பயிற்றுவித்ததாகும். பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்திய இளம்பெண்கள் செவிலியப் பணியும் பேறுகாலப் பணியும் கற்றனர். மூத்த பெண்கள் அவரவர் ஊரில் கருவுற்ற தாய்மாரையும் பச்சிளங் குழந்தைகளையும் வீடு தேடிச் சென்று கவனித்தனர். சொல்பவள் வெள்ளை அங்கி அணிந்த அந்நியள் அல்லள். தன்னைப் போலவே சாமை விதைத்து, தன் பேச்சையே பேசுபவள். பண்டூரா கூறிய இரண்டாம் ஊற்று இதுவே. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டும் எளிய முறையை எண்ணிப் பாருங்கள். அதைத் தன் கையால் செய்து, குழந்தை கண் திறந்து பார்த்ததைக் கண்ட தாய்க்கு வேறு உபதேசம் தேவைப்படுவதில்லை. அடுத்த பத்தாண்டுகளில் அங்கே சிசு மரணம் பலமடங்கு குறைந்தது.

ஆயினும் நம்பிக்கை ஒன்றே போதும் என்று கொள்ளலாகாது. அபாய நிலையில் பிறந்த சிசுக்களின் தாய்மாரிடையே ஹெஸ் முதலானோர் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, அறிவோடு கூடிய நம்பிக்கையே நல்ல வளர்ப்பாக வெளிப்படுகிறது என்றும், அறிவு குன்றிய இடத்தில் மிகுந்த உறுதி எதிரிடையாகவும் முடிகிறது என்றும் காட்டியது. காரண காரியமும் ஒருவழிப் பாதையன்று. 2005இல் ஜோன்ஸ், பிரின்ஸ் ஆகிய இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். பெற்றோரின் உறுதி நல்ல வளர்ப்புக்குக் காரணமாகலாம். நன்கு வளரும் பிள்ளையே பெற்றோருக்கு உறுதி தரலாம். வறுமையும் மனச்சோர்வும் இரண்டையும் ஒருசேரக் குலைக்கலாம் என்னும் கோணங்கள் அவர்களுடைய ஆய்வில் இடம்பெறுகின்றன.

தாயின் உறுதி கணவனின் துணையைச் சார்ந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று. அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், குழந்தைக்குப் பால்குடி மறக்கச் செய்வதைக்கூட இருவரும் கலந்து பேசி, மனமொத்து முடிவு செய்யும் காரியமாக வைத்திருக்கிறது. பிள்ளையின் பொருட்டுத் தாயோ தந்தையோ துன்புறுத்தப்படலாகாது என்பதும் அவ்வசனத்தின் செய்தியே. நம் வீடுகளில் இம்மஷ்வரா எத்தனை தாய்மாருக்குக் கிடைக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கட்டியெழுப்பப்படுவது இடிக்கப்படவும் கூடும். 1377இல் எழுதிய முகத்திமாவில் இப்னு கல்தூன், கடுமையாக அடக்கி வளர்க்கப்படும் மாணவன் ஊக்கம் இழந்து, பொய்யையும் பாசாங்கையும் கற்றுக்கொள்வதைச் சொல்லி, அடக்குமுறைக்கு ஆளான சமுதாயங்களுக்கும் அதுவே நேர்கிறது என்று நீட்டிச் செல்கிறார். அரசின் கை ஒரு குடும்பத்தின் உள்வீடு வரை எவ்வாறு நீளும் என்பதற்குச் சித்தேரி அடிவாரத்தின் மற்றோர் ஊரான வாச்சாத்தி சான்று.

1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூருக்குள் புகுந்தனர். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர். வீடுகள் சூறையாடப்பட்டன. 90 பெண்களும் 15 ஆண்களும் 28 குழந்தைகளும் சிறைக்கு அனுப்பப்பட்டனர். பிள்ளைகளின் கண்முன்னே தாய் அடிபடுகிறாள். தந்தை காட்டுக்குள் ஓடி ஒளிகிறான். ‘எங்களை இவர்கள் காப்பார்கள்’ என்று பிள்ளைகளும், ‘நாங்கள் காப்போம்’ என்று பெற்றோரும் கொண்டிருந்த நம்பிக்கை ஒரே பகலில் நொறுக்கப்பட்டது. அதைக் குழந்தை வளர்ப்பில் நேர்ந்த குறை என எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது?

அம்மக்கள் ஓயவில்லை. வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் விசாரணைக் காலத்திலேயே இறந்துபோக, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. தாயின் மடியில் சிறை புகுந்த குழந்தைகள் அதற்குள் முப்பது வயதைக் கடந்து, தாமே பிள்ளை வளர்க்கும் பருவத்தை எய்தியிருந்தனர்.