புது மானிட்டரில் புள்ளி இருக்கிறதா?

பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்குபவர் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் பணம் தர மாட்டார். புதுக் காரின் பெயின்டை வெயிலில் நிறுத்திப் பார்ப்பவர்களும் உண்டு. மானிட்டரை மட்டும் பெட்டியோடு தூக்கி வந்துவிடுகிறோம்!

முழு எச்.டி. திரையில் 20,73,600 பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப் பிக்சல்கள். அதை இயக்கும் டிரான்சிஸ்டர் பழுதானால் அந்தப் புள்ளி எப்போதும் எரிந்தோ, அணைந்தோ கிடக்கும்.

கடையிலேயே கம்ப்யூட்டரில் இணைக்கச் சொல்லுங்கள். பெயின்ட் புரோகிராமில் 1920 × 1080 அளவில் படம் திறந்து, கருப்பு நிறம் நிரப்பி எஃப்11 அழுத்துங்கள். எரியும் புள்ளிகளும் ஓரத்தில் கசியும் வெளிச்சமும் தெரியும். வெள்ளையில் அணைந்த புள்ளிகள் தெரியும். பிறகு சிவப்பு, பச்சை, நீலம். உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போவது வெறும் தூசு.

சென்ற மாதம் சித்தப்பாவுக்கு வாங்கப் போனபோது கருப்புத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. “ஒரு புள்ளிதானே சார், பழகிடும்” என்றார் கடைக்காரர். வேறு பெட்டி பிரிக்கச் சொன்னோம். முகம் சுளித்தாலும் பிரித்தார்.

இவ்வளவு கறார் எதற்கு? 2001-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 தரவிதியின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் பிக்சலுக்கு இரண்டு எரியும் புள்ளிகளை அனுமதித்தது. முழு எச்.டி.க்கு நான்கு! 2008-ல் புதிய தரவிதி வந்தும் வகுப்பு முறை தொடர்கிறது. ஆகவே ஒற்றைப் புள்ளிக்கு வாரண்டி கிடைக்காமல் போகலாம். மாற்றித் தருவார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். பெட்டியையும் தெர்மோகோலையும் உடனே தூக்கி எறிய வேண்டாம்.