தாய்நண்டும் சினையிறாலும்

ஐங்குறுநூற்றின் மருதத் திணையை ஓரம்போகியார் பாடினார். அதில் ‘கள்வன் பத்து’ என்றொரு பகுதி உண்டு. கள்வன் என்பது நண்டு. தாய் சாவவே நண்டு பிறக்கும் என்னும் பழைய நம்பிக்கையையும் அங்குக் காண்கிறோம். இஃது உண்மையா?

விக்கிரமசிங்கபுரத்தை ஒட்டிப் பாயும் தாமிரபரணியின் கரைவளைகளிலும் வயல்வரப்புகளிலும் நன்னீர் நண்டுகள் வாழ்கின்றன. ஆண்நண்டின் வயிற்று மடல் குறுகியது. பெண்ணின் மடல் அகன்றது. அம்மடலின் கீழ்த் தாய் முட்டைகளைச் சுமக்கிறது. அவை நேரே சிறு நண்டுகளாகவே பொரிக்கின்றன. அதன்பின்னும் சில நாள் தாய் அவற்றைச் சுமந்து காக்கும், அது இறப்பதில்லை. குஞ்சுகள் வயிற்றடியிலிருந்து மொய்த்து வெளிவருவதைக் கண்ட முன்னோர் தாய் அழிவதாக எண்ணியிருக்கலாம்.

ஆற்றிறாலின் நிலை வேறு. சில சிற்றினங்கள் நன்னீரிலேயே வாழ்வை முடிக்கின்றன. ஆனால் பெரிய நன்னீர் இறால் போன்றவற்றின் இளவுயிரிகளுக்கு உவர்நீர் கலந்த கழிமுகம் வேண்டும். நன்னீரில் சில நாள்களுக்கு மேல் அவை பிழைப்பதில்லை. தாய் இறால் பல்லாயிரம் முட்டைகளை நீந்துகால்களில் ஏறத்தாழ மூன்று வாரம் சுமக்கிறது. நம் நாட்டு ஆறுகளில் இத்தகைய இறால்களின் இனப்பெருக்கம் பொதுவாக மழைக்காலத்தை ஒட்டி மிகும். வெள்ளம் தாயையும் இளவுயிரிகளையும் கடல் நோக்கிக் கொண்டு செல்லும். வளர்ந்த குஞ்சுகள் நீரோட்டத்தை எதிர்த்து மீண்டும் மேலேறும்.

இங்கேதான் இடர் தோன்றுகிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணியில், கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவை உழவுக்கு உயிர்நாடி. எனினும் மேலேறும் குஞ்சுக்குத் தடைச்சுவர். நண்டுக்கு ஒரு கரை போதும். இத்தகைய இறாலுக்கோ மலையடி முதல் கழிமுகம் வரை ஆறு முழுதும் வேண்டும்.

ஆகவே ஓரினத்தின் நலத்தை மொத்த எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் இயலாது. ஆண், பெண், சினையுற்றவை, இளையவை எனப் பிரித்து மாதந்தோறும் எண்ண வேண்டும். இதுவே இனத்தொகை அமைப்பு. பெரியவை இருந்தும் இளையவை இல்லையெனில் வருங்காலம் இல்லை. இளையவை மிகுந்து சினையுற்றவை அருகினால் மீன்பிடிப்பு அளவு மீறியது என ஐயுறலாம்.

மாணவர்கள் ஓராண்டு இக்கணக்கை எழுதிப் பார்க்கலாம். ஊர்ப் பெரியோர் ஒன்று செய்யலாம்: வலையில் சிக்கிய சினை நண்டையும் சினை இறாலையும் மீண்டும் ஆற்றில் விடச் சொல்லலாம். அந்த ஓருயிரோடு ஒரு தலைமுறையே ஆற்றுக்குத் திரும்பும்.