ஒரு ராத்திரி வலைக்கே ஊர் கூடும் கரையில்…

பழவேற்காட்டு ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். யார், எந்த நாளில், எங்கே வலை கட்டுவது என்பதற்குப் ‘பாடு’ என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற குப்பங்களில் தலைக்கட்டுகள் கூடி, எல்லார் கண் முன்னாலும் சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். இந்தப் ‘பாடு’ முறையில் சேர்க்கப்படாத மற்ற சாதியாருக்குக் குறை உண்டு, நியாயமான குறைதான். ஆனாலும் ஒரு ராத்திரி வலைக்கே ஊரைக் கேட்கிற பழக்கம் இங்கே இருக்கிறது.

படையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது அந்தப் பழக்கம் இல்லை. இந்தக் கரையை ஒட்டிய கடலைத் தாண்டித்தான் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. 1987 ஜூலை 29-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம். மறுநாளே வீரர்கள் யாழ்ப்பாணத்தில் இறங்கினார்கள். போராளிகளின் ஆயுதங்களை வாங்கி வைத்துவிட்டுச் சீக்கிரம் திரும்பிவிடுவார்கள் என்றுதான் சொல்லப்பட்டது. அக்டோபர் 10-ல் விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டது. யாழ் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கியப் படைப்பிரிவினர் 30 பேரில் 29 பேர் மாண்டார்கள். தீபாவளியன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸுகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் ‘இன்னும் அனுப்பு’தான். ஒரு டிவிஷன் நான்கு டிவிஷன் ஆயிற்று; உச்சத்தில் சுமார் 80,000 பேர் என்கிறார்கள். போனவர்கள் போதவில்லை, பாதியில் விட்டால் இறந்தவர்களின் உயிர் வீணாகும் என்பது வாதம். இது என்னைப் பயமுறுத்துகிற வாதம். சாவு கூடக் கூட அதற்கு வலுவும் கூடும். அது தானாக ஓயாது. நாம் போகாவிட்டால் வேறொரு வல்லரசு அங்கே கால் ஊன்றியிருக்கும் என்றவர்களும் உண்டு. 1990 மார்ச் 24-ல் திருகோணமலையிலிருந்து கடைசி அணி கிளம்பியபோது, 1,100-க்கும் மேற்பட்ட நம் வீரர்கள் உயிரோடு இல்லை. அங்கே செத்த தமிழ்ச் சனங்களுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கே கிடையாது.

நாடாளுமன்றத்தில் பேச்சு நடந்தது, கேள்விகள் எழுந்தன. ஆனால் வெளிநாட்டுக்குப் படை அனுப்ப நாடாளுமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்று நம் அரசியல் சட்டம் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. 1613-ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, வெடிமருந்து செய்து தங்கள் கிழக்கிந்தியக் கோட்டைகளுக்கு அனுப்பியவர்கள் டச்சுக்காரர்கள். அவர்களுடைய நாட்டிலேயே இன்று, உலக அமைதிப் பணிகளுக்குப் படை அனுப்புமுன் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அரசியல் சட்ட விதி. ஜெர்மனியில் 2005-ம் ஆண்டுச் சட்டப்படி ஒப்புதலே தேவை; அதிகபட்சம் எத்தனை வீரர்கள் என்பதையும் அந்தத் தீர்மானத்தில் எழுதியாக வேண்டும். அந்த எண்ணைத் தாண்ட வேண்டுமென்றால் திரும்பவும் சபைக்கு வர வேண்டும்.

நமக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு காலம், எது நடந்தால் திரும்புவார்கள் என்ற மூன்றையும் எழுதி வாக்கெடுப்பு நடத்தட்டும். ரகசியம் கெடும் என்பார்கள். படை போகும் வழியையும் ஆயுதத்தையும் யாரும் கேட்கவில்லை, தலைக்கணக்கைத்தான் கேட்கிறோம்.