பம்பளிமாசும் மருந்து மாத்திரைகளும்

பழம் உண்பது உடலுக்கு நலந்தரும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், சில பழங்கள் சில மருந்துகளுடன் சேரும்போது தீங்கு விளைதல் உண்டு. அவற்றுள் முதன்மையானவை பம்பளிமாசும், அதன் வழிவந்த கிரேப் புரூட் பழமுமாகும். நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் மாதந்தோறும் கிளினிக்கில் மாத்திரை பெறும் கமக்காரரும் தோட்டத் தொழிலாளரும் பலராதலால், இதனை யாவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

பழத்தின் வரலாறு

பம்பளிமாசு தென்கிழக்காசியாவிற்கு உரியது. வெப்பம் மிகுந்த தாழ்ந்த பகுதிகளிலேயே அது செழித்து வளரும். பம்பளிமாசும் இனிப்புத் தோடையும் 18ஆம் நூற்றாண்டில் மேற்கிந்தியத் தீவுகளிலுள்ள பார்படோசில் இயற்கையாகக் கலந்து உண்டானதே கிரேப் புரூட். கனடா நாட்டு ஆய்வாளர் டேவிட் பெய்லியும் அவர் குழுவினரும், மதுவின் சுவையை மறைப்பதற்காகவே ஓர் ஆய்வில் கிரேப் புரூட் சாற்றைச் சேர்த்தனர். அப்பொழுது பெலோடிப்பின் என்னும் குருதியமுக்க மருந்து இரத்தத்தில் எதிர்பாராத அளவு மிகுந்திருக்கக் கண்டனர். இது 1989இல் வெளியாயிற்று. சாற்றுடன் உட்கொள்ளும்போது அம்மருந்தின் அளவு சராசரியாக ஏறக்குறைய மூன்று மடங்காகிறது என்பது 1991இல் வெளியான ஆய்வால் தெளிவாயிற்று.

தீங்கு விளையும் விதம்

வாய்க்கால் நீர் அனைத்தையும் வயலுக்குள் விடாது மடைப்பலகை தடுப்பதுபோல, குடற்சுவரிலுள்ள ஒரு நொதியம் விழுங்கிய மருந்தின் ஒரு பகுதியை அழித்து, எஞ்சியதையே இரத்தத்திற்குள் விடுகிறது. இவ்விழப்பையும் கணக்கிட்டே மருந்தின் அளவு வகுக்கப்பட்டுள்ளது. இப்பழங்களிலுள்ள பியூரனோகூமரின் என்னும் பொருள் அந்நொதியத்தைச் செயலிழக்கச் செய்கிறது. மடைப்பலகை உடைந்த வயலில் வெள்ளம் புகுவதுபோல், மருந்து மிகையாக இரத்தத்தில் சேர்கிறது. குடல் புதிய நொதியத்தை ஆக்குவதற்கு ஒன்று முதல் மூன்று நாட்கள் செல்லும். ஆகவே, காலையில் பழமும் இரவில் மாத்திரையும் உட்கொண்டால் கேடில்லை எனக் கருதுவது தவறு. ஒரு முழுப் பழமோ ஒரு குவளைச் சாறோ இதற்குப் போதுமானது.

கவனிக்கவேண்டிய மருந்துகள்

1. கொலஸ்திரோல் மருந்துகள்: சிம்வாஸ்டட்டின் உட்கொள்வோர் இப்பழங்களை முற்றாகத் தவிர்த்தல் வேண்டும். அட்டோர்வாஸ்டட்டின் உட்கொள்வோர் மிகுதியாக உண்ணலாகாது. மருந்து மிகுந்தால் தசைநோவு உண்டாகும். மலைச்சரிவில் சுமை தூக்குவோர் அதனை வேலைக் களைப்பென எண்ணி விட்டுவிடுதல் கூடும். நோவுடன் சிறுநீரும் கருநிறமானால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் அவசியம்.

2. குருதியமுக்க மருந்துகள்: பெலோடிப்பின், நிபெடிப்பின் ஆகியவை மிகுந்தால் தலைச்சுற்று ஏற்படும். செங்குத்தான கொழுந்து மலையில் இது பேரிடராகும்.

3. ஓமோன் மாத்திரைகள்: மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அளிக்கப்படும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும், கருத்தடை மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜனும் இரத்தத்தில் ஓரளவு உயரக்கூடும். குமட்டலோ மார்பு நோவோ தோன்றினால் வைத்தியரிடம் கூறவேண்டும். கருத்தடையின் பயன் இதனாற் குறையாது. அஞ்சி மாத்திரையை நிறுத்தலாகாது. தோலில் ஒட்டும் ஓமோன் மருந்து குடல்வழியே செல்லாததால் அதற்கு இத்தொல்லை இல்லை.

4. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றோர் உட்கொள்ளும் சைக்கிளோஸ்போரின், டக்ரோலிமஸ் ஆகியவற்றுடன் இப்பழங்கள் அறவே கூடா.

செய்யவேண்டியவை

கிளினிக்கிற்குச் செல்லும்போது, “இம்மாத்திரையுடன் பம்பளிமாசு உண்ணலாமா?” என்று வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டறிக. மருந்தைத் தாமாக நிறுத்துதலோ அளவைக் குறைத்தலோ ஆகாது, நிறுத்தவேண்டியது பழத்தையே. மாமலேட் செய்ய உதவும் கசப்புத் தோடைக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். இனிப்புத் தோடம்பழம் பொதுவாக இந்நொதியத்தைக் கெடுப்பதில்லை. பழம் விற்போரும், வாங்குவோர் மாத்திரை உட்கொள்வோராயின் இச்செய்தியைச் சொல்லுதல் நன்று.

மரத்தை வெட்டவேண்டியதில்லை. மருந்து உட்கொள்ளாதோர்க்கு அது நல்ல உணவே. எவருக்கு ஆகும், எவருக்கு ஆகாது என்பதை அறிந்து உண்பதே அறிவுடைமையாகும்.